நாய் குடிக்காத தண்ணீர்

புல்தரைக்கு அடியில் பைப் கசிந்தால் முதலில் எங்கே தோண்ட வேண்டும் என்று உங்களில் ஒருவர் நம் வாட்ஸ்அப் குழுவில் கேட்டிருந்தார். ஆளுக்கொரு பதில் போட்டிருந்தீர்கள். வால்வை ஒவ்வொன்றாக அடைத்துப் பார், ஈரமான இடத்தில் கம்பியைக் குத்திப் பார், எழும்பாத ஸ்பிரிங்ளருக்கு முன்னால் தோண்டு. எல்லாம் சரிதான். பைப்பைப் பற்றி உங்களுக்குச் சொல்லித்தர என்னிடம் இனி ஒன்றும் இல்லை. நான் ஓய்வு பெற்ற பிறகு வந்த சாமான்களில் பாதிக்கு எனக்குப் பெயரே தெரியாது. ஆனால் அந்தப் பதில்களை வாசித்தபோது எனக்கு ஒரு நாய் ஞாபகம் வந்தது. அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். கொஞ்சம் நீளும். பொறுமை இல்லாதவர்கள் இப்போதே எழுந்து போகலாம், நான் கோபிக்க மாட்டேன்.

எங்கள் பக்கத்தில் வீட்டைச் சுற்றிய வளவுக்குள் புல் முளைத்தால் வீட்டுக்காரருக்குச் சோம்பேறிப் பட்டம்தான். பாம்பு வரும் என்று புல்லைச் செருக்கி எறிந்துவிட்டு, வெறும் மண்ணைக் கூட்டித் துப்புரவாக வைத்திருப்பதுதான் வழக்கம். அப்படி வளர்ந்த சனம் புல்லைக் காசு கொடுத்து வாங்கிப் பாய் மாதிரி விரித்து, அதற்குத் தண்ணீர் தெளிக்க மண்ணுக்குள் பைப்பும் புதைக்கச் சொன்னபோது நான் வாய்விட்டுச் சிரித்தேன். சிரித்துக்கொண்டே பைப்பும் புதைத்தேன். அது என் பிழைப்பு. கலியாண மண்டபங்களும் விருந்தினர் விடுதிகளும் வீதியோரம் வரிசையாக வந்த பிறகு, வயலுக்குப் பைப் போட்ட கையெல்லாம் புல்லுக்குப் பைப் போடப் பழகிவிட்டது.

நான் சொல்லப் போகும் மண்டபம் பரந்தனுக்கு இந்தப் பக்கம், பெரிய வீதியைப் பார்த்தபடி இருந்தது. பெயர் வேண்டாம். சொந்தக்காரர் வெளிநாட்டில். மண்டபத்தை நடத்தியது ஒரு மனேச்சர் அம்மா. முன்னால் கட்டடம், பின்னால் பெரிய புல்தரை, அதற்கும் பின்னால் வேலி. வேலிக்கு அப்பால் காவலாளி யோகனுடைய சிறிய வீடு, அதற்கும் அப்பால் வயல். யோகன் காவலாளி மட்டுமல்ல. புல்லை வெட்டுவது, தண்ணீர் விடுவது, கதிரை அடுக்குவது எல்லாம் அவன்தான். நாற்பது வயதிருக்கும். மனைவி மல்லிகா, கைக்குழந்தை ஒன்று.

அன்று பின்னேரம் அந்தப் புல்தரையில் ஒரு கலியாண வரவேற்பு. விடிந்ததும் மனேச்சர் அம்மா என்னைத் தொலைபேசியில் பிடித்துவிட்டார்.

"அண்ணை, ஸ்பிரிங்ளர் ஒண்டும் எழும்பேல்லை. பின்பக்கம் புல்லு வாடுது. பின்னேரம் ஆக்கள் வந்திடுவினம். கெதியா வாங்கோ."

என்னுடன் சிவா வந்தான். சிவாவை உங்களில் சிலருக்குத் தெரியும். என்னோடு மிக நீண்ட காலம் வேலை செய்தவன், மூன்று பெண் பிள்ளைகளின் தகப்பன், மண்வெட்டி பிடித்தால் பேச மாட்டான். இரண்டு பேரும் கிளிநொச்சியில் இருந்து மோட்டார் சைக்கிளில் போய் இறங்கியபோது வெயில் ஏறிவிட்டது. மாப்பிள்ளை வீட்டுப் பிள்ளைகள் சிலர் அதற்குள் வந்து, மண்டபத்து ஓரப் புல்லில் வெறுங்காலோடு ஓடி விளையாடிக்கொண்டிருந்தார்கள். புல் நசியும் என்று அங்கே யாரும் செருப்போடு நடக்கக் கூடாது. மனேச்சர் அம்மாவின் சட்டம் அது. மண்வெட்டி பிடிக்கிறவனுக்கு மட்டும் விலக்கு.

யோகன் எங்களை வரவேற்ற விதம் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. தேத்தண்ணி வந்தது, பிஸ்கட் வந்தது, நான் கேட்காமலே விளக்கமும் வந்தது.

"அண்ணை, கசிவு கேற் பக்கந்தான். நான் வடிவாப் பாத்தனான். பின்னால ஒண்டுமில்லை."

வீட்டு ஆள் இடம் காட்டினால் வேலை சுலபம். முன்வாசல் கேற் பக்கம் தோண்டினோம். மண்டபத்து நாய் ஜிம்மி எங்களோடு வந்து, தோண்டிய கிடங்குக்குள் மூக்கை விட்டுப் பார்த்தது, சிவாவின் காலை நக்கியது, அங்கேயே படுத்தது. கிடங்கு காய்ந்து கிடந்தது. பைப்பில் ஒரு குறையும் இல்லை. சிவா என்னைப் பார்த்தான். நான் யோகனைப் பார்த்தேன்.

"அப்ப இன்னும் கொஞ்சம் அங்கால இருக்கும் அண்ணை," என்றான் அவன், வீதிப் பக்கமாகக் கையைக் காட்டி.

எனக்குக் கோபம் வந்தது. எழுந்து புல்தரை முழுக்க நடந்தேன். பின்வேலிக்குக் கிட்ட, மற்றப் புல்லெல்லாம் வாடிக் கிடக்க, ஒரு துண்டு மட்டும் கரும்பச்சையாக நின்றது. காலை வைத்தால் மெத்தென்று இறங்கும் போலிருந்தது. இதைக் கண்டுபிடிக்கப் பெரிய மூளை தேவையில்லை. நாள்தோறும் தண்ணீர் விடும் யோகனுக்கு அது தெரியாமல் போனது எப்படி என்று அந்த இடத்திலேயே நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. வேலைக்குப் பயந்தவன், வேலியோரம் தோண்டினால் தானே மூட வேண்டும் என்று தட்டிக் கழிக்கிறான் என்று மட்டும் நினைத்தேன்.

"இஞ்சதான் சிவா. கொத்து."

யோகன் ஓடி வந்தான். அப்போதுதான் கண்டேன், அவன் காலில் ரப்பர் பூட்ஸ். கேற் பக்கம் எங்களோடு நின்றபோது வெறுங்காலோடு நின்றவன்.

"மெயின் ஓஃப்தானே அண்ணை?" என்று கேட்டான்.

"ஓம், ஓஃப். நானே நிப்பாட்டினனான்."

சிவா கொத்தத் தொடங்கினான். மேல் மண் போனதும் சேறு வந்தது, சேற்றுக்குக் கீழே தண்ணீர் ஊறியது. யோகன் திரும்பவும் கேட்டான், மெயின் ஓஃப்தானே என்று. நான் எரிந்து விழுந்தேன். மோட்டர் அறையில் இருந்த பெரிய சுவிட்சை என் கையால் கீழே இறக்கியிருந்தேன். அந்த மண்டபத்தில் மின்விசிறிகூட ஓடவில்லை. அதற்காக மனேச்சர் அம்மா வேறு முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு நின்றார்.

"இன்னும் எவ்வளவு நேரம் அண்ணை? மேடை போடுற ஆக்கள் வந்திட்டினம்."

"பைப் கண்டால் முடிஞ்சுது அம்மா."

கிடங்கு நிறையக் கலங்கல் தண்ணீர். இனி மண்வெட்டியால் ஆகாது, கையை விட்டுத்தான் பைப்பைத் தடவ வேண்டும். சிவா மண்வெட்டியைக் கிடங்குக்குள் குத்தி விட்டுவிட்டு, செருப்பைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தான். காய்ந்த உரச் சாக்கு ஒன்றை, பாக் என்போமே, ஓரத்தில் விரித்து அதன்மேல் குந்தியிருந்தான். சாரத்தை மடித்துக் கட்டினான். நாம் எல்லோரும் செய்வதுதான், ஆயிரம் தடவை செய்ததுதான்.

அப்போது ஜிம்மி வந்தது.

வெயிலில் நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு தண்ணீரைப் பார்த்து நேரே வந்தது. கிடங்குக்குக் கொஞ்சத் தூரத்தில் ஈரப் புல்லில் ஒரு காலை வைத்தது. உடனே காலை உதறி எடுத்துக்கொண்டு பின்னால் போனது. மற்றப் பக்கத்தால் சுற்றி வந்தது. அங்கேயும் அதே கதை. நின்று எங்களைப் பார்த்து முனகியது. பிறகு அவ்வளவு தூரம் நடந்து போய், மண்டபத்து ஓரக் குழாயின் கீழ் இருந்த சட்டியில் குடித்தது.

கேற் பக்கத்துக் கிடங்குக்குள் மூக்கையே விட்ட நாய் இது. எங்களுக்குப் பயந்த நாய் இல்லை. தாகத்தோடு வந்த நாய், காலடியில் இருக்கும் தண்ணீரை ஏன் குடிக்கவில்லை? எனக்கு விடை தெரியவில்லை. விடை தெரியவில்லை என்பதே போதுமாக இருந்தது. சிவாவின் காலைப் பார்த்தேன். உர பாக்கில் இருந்து கிடங்குக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

"சிவா, காலை வையாதை. மேல எடு. ரெண்டு காலையும் பாக்குக்கு மேல எடு."

ஏன் என்று அவன் கேட்கவில்லை. என் குரலில் என்ன இருந்ததோ, காலை மடக்கிக்கொண்டு அப்படியே இருந்தான். மனேச்சர் அம்மா மட்டும் கேட்டார்.

"இப்ப என்ன அண்ணை? நேரம் போகுது."

பையில் இருந்த டெஸ்டரை எடுத்தேன். கரண்ட் இருந்தால் பிடிக்குள் விளக்கு எரியுமே, அந்தத் திருப்புளிதான். செருப்பை மாட்டிக்கொண்டு, ஒரு பலகையைப் போட்டு அதன்மேல் நின்று, கிடங்குக்குள் நின்ற மண்வெட்டியின் இரும்பில் அதைத் தொட்டேன்.

விளக்கு எரிந்தது.

சின்னச் சிவப்பு வெளிச்சம். மெயின் என் கையால் இறக்கப்பட்டது. மண்டபம் முழுக்கக் கரண்ட் இல்லை. தண்ணீரில் மட்டும் கரண்ட். சிவா இவ்வளவு நேரமும் அந்த மண்வெட்டியைத்தான் பிடித்திருந்தான். மரப்பிடியும் செருப்பும்தான் அவனைக் காப்பாற்றியிருக்கின்றன. அவை இரண்டையும் இப்போது விட்டுவிட்டுக் கையைத் தண்ணீருக்குள் விடப் போனான். நான்தான் அவனை இங்கே கொத்தச் சொன்னேன். அவனுடைய மூன்று பெண் பிள்ளைகளின் முகமும் எனக்கு முன்னால் வந்து நின்றது.

பலகையைத் தள்ளிக் கொடுத்துச் சிவாவை வெளியே எடுத்தேன். விளையாடிய பிள்ளைகளை மண்டபத்துக்குள் அனுப்பச் சொன்னேன். பிறகு திரும்பிப் பார்த்தேன். யோகன் பேயறைந்தவன் மாதிரி நின்றான்.

"மல்லிகா நிப்பாட்டியிருப்பா எண்டு நினைச்சன்," என்றான். என்னிடம் சொல்லவில்லை, கிடங்கைப் பார்த்துச் சொன்னான்.

"எதை?"

அவன் ஓடத் தொடங்கிவிட்டான். வேலியைச் சுற்றிப் போகும் சின்னப் பாதையால், ஒழுங்கையால், தன் வீட்டுக்கு ஓடினான். கொஞ்ச நேரத்தில் மண்வெட்டியில் தொட்டுக்கொண்டிருந்த டெஸ்டரில் விளக்கு அணைந்தது. திரும்பி வந்தவன் கையில், அவன் வீட்டுக் குசினியில், சமையலறைச் சுவரில் இருந்து கழற்றிய பிளக் ஒன்று இருந்தது. அதில் பாதி வயர் தொங்கியது. கழற்றியது போதாதென்று வெட்டியும் விட்டான்.

விஷயம் இதுதான். புல்லுக்குத் தண்ணீர் விட்டால் மண் ஈரமாகும், ஈரத்தில் மண்புழு சேரும், மண்புழுவைத் தேடி வயலில் இருந்து காட்டுப்பன்றி வரும். வந்து மூக்கால் கிண்டினால் ஒரே இரவில் புல்தரை உழுத வயல்தான். இரண்டு தடவை அப்படி நடந்திருக்கிறது. யோகன், மண்டபத்து மெயினோடு சேராத தன் வீட்டுக் குசினியில் இருந்து வயர் இழுத்து, நாங்கள் பைப் புதைத்த அதே வாய்க்காலைக் கிண்டி அதற்குள் ஒளித்து, பின்வேலியின் அடியில் பன்றியின் உயரத்துக்கு வெறுங்கம்பி கட்டியிருக்கிறான். பொழுது பட்டால் பிளக்கைப் போடுவது, விடிந்தால் மல்லிகா தேத்தண்ணிக்கு அடுப்பு மூட்டும்போது கழற்றுவது. வாய்க்காலைக் கிண்டியபோது மண்வெட்டி பைப்பில் பட்டுவிட்டது. சைக்கிள் ரியூப்பைச் சுற்றிக் கட்டி மூடிவிட்டான். அதுதான் கசிவு. கசிந்த தண்ணீர், வயரை ஒட்டுப்போட்ட இடத்தில் ஏறிவிட்டது. அதனால், கரண்ட் கசிந்தால் தானே இறங்கிவிடும் டிரிப் சுவிட்ச் வீட்டில் அடிக்கடி விழுந்திருக்கிறது. விழுவது தொந்தரவு என்று அதையும் கழற்றிவிட்டு நேரே கொடுத்திருக்கிறான்.

உயிரைக் காப்பாற்றவென்று சுவரில் வைத்த ஒரே சாமான், அது எச்சரிக்க எச்சரிக்க, அதன் வாயைக் கட்டிவிட்டான்.

"அப்ப இண்டைக்கு ஏன் கழட்டேல்லை?"

"பிள்ளைக்குக் கிளினிக் அண்ணை. முதல் பஸ்ஸுக்கு அவா போயிட்டா. நான் வீட்டிலதானே நிக்கிறன் எண்டு அவா விட்டிட்டா. அவாதானே ஒவ்வொரு நாளும் கழட்டுறவா எண்டு நான் விட்டிட்டன்."

"சிவா கையை விடப் போகேக்க நீ பாத்துக்கொண்டு நிண்டனி."

"கழட்டியாச்சு எண்டுதான் அண்ணை நினைச்சன், ஒரு பயத்திலதான் பூட்ஸ் போட்டனான். வயரைக் கண்டிட்டியள் எண்டால் என்ரை வேலை போயிடும் எண்டதுதான் மண்டைக்குள்ள நிண்டது. சத்தியமா அதுதான்."

நான் அவனை அடித்திருப்பேன். சிவாதான் என் கையைப் பிடித்தான். அவனே பிடித்தான் என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வியப்பாக இருக்கிறது.

அடுத்ததாக எனக்கு வந்த அதிர்ச்சி மனேச்சர் அம்மாவால் வந்தது. அவர் முகம் வெளிறியிருந்தது உண்மை. ஆனால் வாய் திறந்ததும் வந்தது இது:

"சரி, இப்ப கரண்ட் இல்லைத்தானே. பைப்பைக் கெதியா ஒட்டிப்போட்டு மூடுங்கோ. இந்தக் கதை வெளியில போக வேண்டாம்."

யோகன் தலையை நிமிர்த்தினான். "நீங்கள்தானே அம்மா சொன்னனீங்கள், இன்னொருக்காப் பண்டி கிண்டினால் பெட்டியைக் கட்டிக்கொண்டு போ எண்டு."

அவர் மேடைக்காரர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

தம்பிமாரே, தங்கச்சிமாரே, நீங்கள் நெருக்கடி என்று சொல்வது பெரும்பாலும் நேரம் போதாமையைத்தான். மேடைக்காரர் நிற்கிறார்கள், சனம் வரப்போகிறது, வீட்டுக்காரர் தலைக்குமேல் நிற்கிறார். அந்த நேரத்தில் பைப்பை ஒட்டுவது மிகச் சுலபம். நான் அதை ஒட்டவில்லை. அந்த வயர் முழுவதும் மண்ணுக்கு வெளியே வந்து என் கண்ணுக்கு முன்னால் சுருளும் வரைக்கும் தொட மாட்டேன் என்றேன். வரவேற்பை மண்டபத்துக்குள் வையுங்கள் என்றேன். நடந்ததைச் சொந்தக்காரரிடம் நீங்கள் சொல்கிறீர்களா, நான் சொல்லட்டுமா, உங்கள் பெட்டிக் கதையையும் சேர்த்துத்தான் சொல்வேன் என்றேன். எனக்கு இந்த ஊரில் இனி மண்டப வேலை கிடைக்காது என்றுதான் நினைத்தேன். பரவாயில்லை என்றும் நினைத்தேன். அவர் என் முன்னாலேயே சொந்தக்காரரை அழைத்துச் சொன்னார், பெட்டிக் கதையையும் மறைக்கவில்லை. அதற்கு அவருக்கு ஒரு மரியாதை கொடுக்க வேண்டும். பின்னர் வேலியோரம் கம்பி வலை வந்தது. யோகன் இப்போதும் அங்கேதான் வேலை செய்கிறான்.

ஆனால் நான் உங்களுக்கு எழுத வந்தது இதற்காகவும் அல்ல.

மூன்று பேருமாக வயரை இழுத்தோம். பிளக் யோகனின் சட்டைப் பையில் இருந்தது. அப்படியிருந்தும் ஒவ்வொரு இழுவைக்கும் முன்னால் நான் டெஸ்டரை வைத்துப் பார்த்தேன். புல்லைக் கிழித்துக்கொண்டு அது வந்துகொண்டே இருந்தது. பின்வேலியின் அடியில் காய்ந்த இலைகளுக்குள் வெறுங்கம்பி ஓடியது. வேலியில் ஓர் இடத்தில் ஆள் நுழையும் அளவுக்கு ஓட்டை; பொட்டு என்போமே, அதுதான். கம்பி அந்தப் பொட்டின் குறுக்காலும் போயிருந்தது, கரண்டைக்கால் உயரத்தில். அதையும் வெட்டிச் சுருட்டினோம். சிவா சுருளைத் தூக்கி மண்டபத்துப் பக்கம் கொண்டுபோனான். பெரிய வீதியில் பஸ் ஒன்று நின்று போகும் சத்தம் கேட்டது.

சற்று நேரத்தில் மண்டபத்து ஓரமாக ஒரு பெண் வந்தாள். இடுப்பில் குழந்தை, தோளில் பை. புல்தரை தொடங்கும் இடத்தில் நின்று, குனிந்து செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். மனேச்சர் அம்மாவின் சட்டம். பிறகு நேரே, வேறெங்கும் பார்க்காமல், பழகிய நடையாகப் பொட்டைப் பார்த்து நடந்தாள். ஈரப் புல்லின் மேலாக. கிடங்கைக் கடந்து. கம்பி கிடந்த இடத்தில் வெறுங்காலைத் தூக்கி வைத்து, குழந்தையின் தலை வேலியில் படாமல் கையால் மறைத்துக்கொண்டு, அந்தப் பக்கம் போய்விட்டாள்.

யோகன் நின்ற இடத்திலேயே குந்திவிட்டான்.

அதிகாலையில் பஸ்ஸுக்குப் போனபோது அவள் ஒழுங்கையால் சுற்றித்தான் போயிருக்கிறாள். கம்பியில் கரண்ட் இருக்கும் நேரம் என்று அவளுக்குத் தெரியும். திரும்பி வரும்போது குறுக்கால் வந்தாள். விடிந்துவிட்டது, புருசன் வீட்டில் இருந்தவன், கழற்றியிருப்பான் என்பது அவள் கணக்கு.

மல்லிகா ஆட்களைக் கண்டு, பொட்டுக்குள்ளால் திரும்பவும் தலையை நீட்டினாள்.

"என்ன எல்லாரும் இப்பிடிப் பாக்கிறியள்?" என்றாள். அவள் யோகனைப் பார்த்தாள். எங்களுக்குக் கேட்காது என்று நினைத்துக் குரலைத் தாழ்த்தினாள். "இஞ்சருங்கோ, விடியவே பிளக்கைக் கழட்டினனீங்கள்தானே?"

யோகன் சட்டைப் பைக்குள் கையை விட்டு அந்தப் பிளக்கைப் பிடித்துக்கொண்டான்.

"ஓம்," என்றான். "கழட்டிப்போட்டன்."

அவள் சரியென்று தலையாட்டிவிட்டு, குழந்தையைக் கொண்டு குசினிக்குள் போனாள். எங்களுக்குத் தேத்தண்ணி போடப் போகிறாளாம்.